பிள்ளைகள் எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடுமா?

பதின்மூன்று வயது மகன் டம்பெல் வாங்கித் தரச் சொன்னால், பல வீடுகளில் பாட்டியிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான். "வேண்டாம்ப்பா, வளர்த்தி நின்னுடும்!" அதே பிள்ளை தினமும் காலையில் அதைவிடக் கனமான புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ஏறுவதை யாரும் தடுப்பதில்லை.

பாட்டியின் அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனைக்கு அருகே குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. வளர்ச்சித் தட்டு என்று அதற்குப் பெயர். எலும்பு நீளுவது அங்கேதான். பெரும்பாலும் பெண்களுக்கு 14, 15 வயதிலும் ஆண்களுக்கு 16, 17 வயதிலும் அது இறுகி எலும்பாகிவிடும். அதற்கு முன் அதில் பலத்த அடிபட்டால் எலும்பின் வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

ஆனால் முறையான எடைப் பயிற்சி அந்தத் தட்டைக் கெடுப்பதில்லை, உயரத்தையும் குறைப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2020ல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது. ஓடிக் குதித்துத் தரையில் இறங்கும்போது காலில் விழும் பாரம் உடல் எடையைப்போல் பல மடங்கு. அதைத் தாங்கும் எலும்புக்கு இரண்டு கிலோ டம்பெல் பெரிய சுமையல்ல.

அப்படியானால் எந்த வயதில் தொடங்கலாம்? சொன்னதைக் கேட்டு அதன்படி செய்யவும், தடுமாறாமல் நிற்கவும் தெரிந்த பிள்ளை ஏழு, எட்டு வயதிலேயே தொடங்கலாம். ஆனால் தொடக்கம் இரும்பு அல்ல. தண்டால், பஸ்கி, வீவக புளோக்கின் கீழே உள்ள உடற்பயிற்சி மூலையில் கம்பியைப் பிடித்துத் தொங்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது, இவையே போதும். உலகச் சுகாதார நிறுவனமும் 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் வாரத்தில் குறைந்தது மூன்று நாள் தசையையும் எலும்பையும் வலுவாக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று 2020ல் பரிந்துரைத்தது. பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

பருவமடையும் முன் எவ்வளவு பயிற்சி செய்தாலும் புஜம் பெரிதாகப் புடைக்காது. இருக்கும் தசையை நரம்புகள் நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால்தான் அந்த வயதில் பலம் கூடுகிறது. இது தெரியாத பையன்கள் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்து, எடையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஆபத்து அங்கேதான்.

எடையில்லாமல் முதலில் அசைவு சரியாக வரவேண்டும். பிறகு பிசகாமல் 8 முதல் 15 முறை தூக்கக்கூடிய எடை. அது எளிதானதும் நூற்றுக்கு ஐந்து, பத்து பங்கு மட்டும் கூட்டலாம். வாரம் இரண்டு மூன்று நாள் போதும், இடையில் ஒரு நாள் ஓய்வு. "அதிகபட்சம் எவ்வளவு தூக்குவாய்?" என்று நண்பர்களுக்குள் போட்டி வேண்டாம். நம் கிராமங்களில் இருந்த கல்லுக்கே இளவட்டக்கல் என்றுதான் பெயர், சிறுவர்கல் என்றல்ல! 1960 ரோம் ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் சிங்கப்பூருக்கு முதல் பதக்கம் வென்று தந்த டான் ஹாவ் லியாங், இருபது வயதை ஒட்டித்தான் அந்த விளையாட்டுக்கே வந்தார்.

பெற்றோர்கள் கவலைப்பட வேண்டியது படுக்கையறையைப் பற்றித்தான். 2009ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எடைப் பயிற்சியில் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்த 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளின் காயங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கையிலும் பாதத்திலும் இருந்தன. எடை நழுவி விழுந்ததும், விரல் இடுக்கில் சிக்கியதும்தான் பெரும்பாலும் காரணம். கூடாது என்று தடுத்தால், பையன் கதவைச் சாத்திக்கொண்டு காணொளியைப் பார்த்துச் செய்வான். அதைவிட, தெரிந்த பயிற்றுநர் ஒருவர் அருகில் நிற்கச் செய்வது நல்லது. பார்பெல்லைப் படுத்துக்கொண்டு தனியாகத் தூக்க ஒருபோதும் விடக்கூடாது.

தேக்காவில் முஸ்தஃபாவுக்குப் போனால் அடுக்கடுக்காக இருக்கும் புரதப் பொடி டப்பாக்கள் பிள்ளைகளின் கண்ணை இழுக்கும். பருப்பு, முட்டை, மீன், தயிர் ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளைக்கு அது தேவையில்லை. தசை ஊசி, மாத்திரை பக்கம் போகவே கூடாது. ஸ்டெராய்டு உண்மையிலேயே வளர்ச்சித் தட்டை முன்கூட்டியே மூடச் செய்து உயரத்தைக் குறைக்கும்.

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், வலிப்பு உள்ள பிள்ளைகள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். தசை ஓரிரு நாள் வலிப்பது இயல்பு. மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் போன்ற மூட்டருகே ஒரே இடத்தில் வலி நின்றால் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.