ஓய்ந்து நிற்கும் இயந்திரங்களின் பாட்டரியைக் காத்தல்

சங்கத்தின் சொத்துப் பதிவேட்டில் ஒரு டிராக்டர் இருக்கிறதென்றால், வேண்டிய நாளில் அது ஓடும் என்பதே அங்கத்தினர்களின் நம்பிக்கை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல இன்று டிராக்டர், பவர் டில்லர், நெல் அறுவடை இயந்திரம் முதலியவற்றை வாங்கி அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விட்டு வருகின்றன. நெசவாளர் சங்கங்களிலும் நூலையும் சேலையையும் ஏற்றிச் செல்ல வேன் வைத்திருப்பவை உண்டு. சாயச்சாலைக்கும் அலுவலகத்துக்கும் ஜெனரேட்டர் வைத்திருப்பவையும் உண்டு. இவை ஆண்டு முழுவதும் ஓடுவன அல்ல. காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை அறுப்பு புரட்டாசியை ஒட்டியும், சம்பா அறுப்பு தை, மாசியிலும் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அறுவடை இயந்திரம் கொட்டகையில் நிற்கிறது. தீபாவளி, பொங்கல் விற்பனைக்கு ஓடிய வேன் கோடையில் நிற்கிறது.

இவ்வாறு நிற்கும் இயந்திரத்தில் பெரும்பாலும் முதலில் கெடுவது பாட்டரியே. அறுப்புக்கு நாள் குறித்து ஆளும் சொல்லிவிட்ட பின்னர் இயந்திரம் கிளம்பாது போகுமாயின், அன்றைய வாடகை சங்கத்துக்கு நஷ்டம். இடையில் மழை வந்துவிட்டால் நெல்லே அங்கத்தினருக்கு நஷ்டம். பாட்டரியைக் காப்பதற்கென்றே இப்பொழுது கடைகளில் கருவிகள் விற்கப்படுகின்றன. ‘பாட்டரி மெயின்டெய்னர்’, ‘புளோட் சார்ஜர்’ என்று பல பெயர்களில் அவை வருகின்றன. நாம் இங்கே அவற்றைக் காப்புக் கருவி என்றே குறிப்போம். அத்தகைய கருவி எந்தச் சங்கத்துக்குத் தேவை, வாங்குங்கால் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நின்ற நிலையில் பாட்டரி கெடுவது ஏன்?

நம் வண்டிகளில் உள்ளவை பெரும்பாலும் ஈயத் தகடுகளும் கந்தகத் திராவகமும் கொண்ட பாட்டரிகள். 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்த முறையே இன்றளவும் இவற்றுக்கு அடிப்படை. 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் இருக்கின்றன. மின்சாரம் செலவாகும்போது தகடுகளின்மேல் ஈய சல்பேட் படிகிறது; சார்ஜ் ஏற்றும்போது அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. சார்ஜ் குறைந்த நிலையிலேயே பல வாரங்கள் விட்டுவைத்தால், படிந்த சல்பேட் கெட்டிப்பட்டுவிடுகிறது. பின்னர் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது முழுவதும் கரையாது. கெட்டிப்பட்ட அளவுக்குப் பாட்டரியின் கொள்ளளவும் நிரந்தரமாகக் குறைந்துபோகிறது.

நிற்கும் பாட்டரியின் சார்ஜ் இரண்டு வழிகளில் குறைகிறது. ஒன்று, பாட்டரியின் உள்ளேயே நிகழும் தன்னிழப்பு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இவ்விழப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஆகவே தகரக் கொட்டகையில் கோடை முழுவதும் நிற்கும் வண்டிக்கு இழப்பு அதிகம். மற்றொன்று, சாவியை எடுத்த பின்னரும் வண்டியின் கடிகாரம், ஜி.பி.எஸ். கருவி, என்ஜினின் மின்னணுப் பெட்டி ஆகியவை இழுத்துக்கொண்டிருக்கும் சிறு மின்சாரம். இது 50 மில்லி ஆம்பியர் என்று கொள்வோம். நாள் ஒன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி. 30 நாளுக்கு 36 ஆம்பியர் மணி. 80 ஆம்பியர் மணி கொண்ட பாட்டரியில் ஏறத்தாழப் பாதி ஒரே மாதத்தில் தீர்ந்துவிடுகிறது.

வழக்கத்தில் உள்ள இரண்டு முறைகள்

வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பி ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது பல சங்கங்களில் உள்ள வழக்கம். இதன் பலனையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மேற்சொன்ன வண்டியில் ஒரு வாரத்தில் குறைவது 8 ஆம்பியர் மணிக்கு மேல். ஆல்டர்னேட்டர் 30 ஆம்பியர் வீதம் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் சேர்வது 2½ ஆம்பியர் மணியே. வண்டியைக் கிளப்புவதற்குச் செலவானதை அதிலும் கழிக்க வேண்டும். வரவு குறைந்து செலவு மிகுந்த கணக்கு எங்குச் சென்று முடியும் என்பதைக் கூட்டுறவாளர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. டீசலும் வீணாகிறது.

சாதாரணச் சார்ஜர் ஒன்றைப் பாட்டரியில் மாட்டி, நாட்கணக்கில் அப்படியே விட்டுவைப்பது இரண்டாவது வழக்கம். இது முன்னதைவிடக் கேடானது. அத்தகைய சார்ஜர் பாட்டரி நிறைந்த பின்னரும் மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டேயிருக்கும். அதனால் திராவகத்தில் உள்ள நீர் வாயுவாகப் பிரிந்து குறைகிறது, தகடுகள் அரிக்கப்படுகின்றன. காப்புக் கருவியோ பாட்டரி நிறைந்ததை உணர்ந்து, அழுத்தத்தைத் தானே குறைத்துக்கொண்டு, இழப்பை மட்டும் ஈடுசெய்து வருகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

வாரத்தில் இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடும் வண்டிக்குக் காப்புக் கருவி வேண்டுவதில்லை. ஒரு மாத அளவு மட்டும் நிற்கும் வண்டிக்கு, பாட்டரியை முழுவதும் சார்ஜ் செய்து, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைத்தாலே பெரும்பாலும் போதும். அல்லது மின்னிணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சு ஒன்றைப் பொருத்தலாம். அதனால் கடிகாரம் முதலியன இழுக்கும் மின்சாரம் நின்றுவிடும்; தன்னிழப்பு மட்டும் தொடரும். அதற்கு மேற்பட்டு மாதக்கணக்கில் நிற்கும் இயந்திரத்துக்கும், எந்த நேரத்திலும் உடனே கிளம்பியாக வேண்டிய ஜெனரேட்டருக்கும் காப்புக் கருவி தேவை. ஜெனரேட்டர்கள் பலவற்றின் பலகையிலேயே இத்தகைய கருவி அமைந்திருக்கும். புதிதாக வாங்குமுன் அது இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுதல் நன்று.

வாங்குமுன் பாட்டரியையும் சோதிக்க வேண்டும். காப்புக் கருவி நல்ல பாட்டரியை நல்ல நிலையில் வைத்திருக்குமேயன்றி, செத்த பாட்டரிக்கு உயிர் தராது. முழுவதும் சார்ஜ் ஏற்றி, ஆறு அறைகளிலும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால், ஏதேனும் ஓர் அறையின் அளவு மற்றவற்றைவிட 0.050க்கு மேல் குறைந்திருக்குமாயின் அந்தப் பாட்டரியின் ஆயுள் முடிந்ததென்றே கொள்ளலாம். கெட்டிப்பட்ட சல்பேட்டைக் கரைத்துப் பழைய பாட்டரியைப் புதிதாக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் கருவிகளுக்காக அதிக விலை கொடுத்தல் வேண்டா.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டுவன

முதலாவது, பாட்டரியின் வகையும் வோல்ட்டும். தண்ணீர் ஊற்றும் பாட்டரி, மூடி முத்திரையிட்ட பாட்டரி, லித்தியம் பாட்டரி ஆகிய ஒவ்வொன்றுக்கும் சார்ஜ் ஏற்றும் முறை வேறு. லித்தியத்துக்கென்று தனி ஏற்பாடு இல்லாத கருவியை லித்தியம் பாட்டரியில் மாட்டுதல் கூடாது. பெரிய ஜெனரேட்டர், அறுவடை இயந்திரம் முதலியவற்றில் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பதுண்டு. அவற்றுக்கு 24 வோல்ட் கருவியே வேண்டும்.

இரண்டாவது, நிலைநிறுத்தும் அழுத்தம். 12 வோல்ட் ஈயப் பாட்டரிக்கு 25 டிகிரி வெப்பத்தில் இது சுமார் 13.5 வோல்ட். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் 0.02 வோல்ட் குறைய வேண்டும். 40 டிகிரிக் கோடையில் 13.2 வோல்ட்டே பொருத்தம். குளிர்நாட்டுக்கென்று செய்யப்பட்டு, வெப்பத்துக்கேற்ப மாறாத கருவியை நம் கொட்டகையில் மாட்டினால் கோடை முழுவதும் பாட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். தண்ணீர் ஊற்றும் பாட்டரியில் குறைந்த நீரை நிரப்பிக்கொள்ளலாம். மூடிய பாட்டரியில் அதுவும் இயலாது. எனவே வெப்பத்துக்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும் கருவியைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது கருவி நடந்துகொள்ளும் முறை. சில கருவிகள் மின்சாரம் திரும்பியதும் யாரேனும் பொத்தானை அழுத்தும்வரை சும்மா இருக்கும். நம் கிராமங்களுக்கு அது பயன்படாது. வேறு சில, மின்சாரம் இல்லாதபோது பாட்டரியிலிருந்தே மின்சாரத்தை இழுக்கும். கடையிலேயே இதனைச் சோதிக்கலாம்: பாட்டரியில் மாட்டிய பின் சுவர்ச் சுவிட்சை நிறுத்துக, கருவியின் விளக்கு தொடர்ந்து எரியுமாயின் அது பாட்டரியின் மின்சாரத்தில் எரிகிறதென்று பொருள். சுவிட்சை மறுபடி போட்டதும் தானே வேலையைத் தொடங்குகிறதா என்பதையும் அப்பொழுதே பார்த்துவிடலாம்.

நான்காவது, கருவியின் ஆற்றல். ஒரு ஆம்பியர் கருவி நாள் ஒன்றுக்கு 24 ஆம்பியர் மணி தர வல்லது. நிற்கும் வண்டியின் இழப்பை ஈடுசெய்ய இது தாராளமாகப் போதும். ஆனால் காலியான 80 ஆம்பியர் மணிப் பாட்டரியை அக்கருவியால் நிரப்ப நான்கு நாள் ஆகும். ஆகவே முதல் சார்ஜைப் பெரிய சார்ஜரில் ஏற்றிவிட்டு, பின்னர் சிறு கருவியை மாட்டுவதே முறை. இரண்டு மூன்று பாட்டரிகள் இருந்தால் ஒரே கருவியை வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாட்டியும் காக்கலாம்.

ஐந்தாவது, பாதுகாப்பு. முனைகளை மாற்றி மாட்டினாலும் கெடாத அமைப்பும், நேர்முனைக் கம்பியில் பியூசும் இருத்தல் வேண்டும். கவ்வியைவிட, முனையில் திருகி முடுக்கும் வளையம் சிறந்தது. நெல் உள்ள இடத்தில் எலியும் இருக்கும். கம்பியை உயர்த்திக் கட்டுதல் வேண்டும்.

மின்சாரச் செலவு குறித்து அஞ்ச வேண்டுவதில்லை. 5 வாட் இழுக்கும் கருவி மாதம் முழுவதும் எரிந்தாலும் ஆகும் மின்சாரம் 3.6 யூனிட்டே. மின் இணைப்பு இல்லாத கொட்டகையில் 5 முதல் 10 வாட் வரையுள்ள சூரிய ஒளித் தகட்டைப் பயன்படுத்தலாம். அதனை நேரே பாட்டரியில் இணைக்காமல், கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றின் வழியே இணைப்பது அவசியம். இல்லாவிடில் பகலில் மிகைச் சார்ஜும் இரவில் திரும்பக் கசிவும் நேரும்.

மாட்டுங்கால் எச்சரிக்கை

சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே ஒரு தீப்பொறியில் வெடிக்கும். எனவே காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். பீடி, விளக்கு எதுவும் அருகில் ஆகாது. கருவியைப் பாட்டரியில் இணைத்த பின்னரே சுவர்ச் சுவிட்சைப் போடுதல் வேண்டும். எடுக்கும்போது சுவிட்சை முதலில் நிறுத்துதல் வேண்டும். திராவகம் உடலிற் பட்டால் உடனே ஏராளமான தண்ணீர்விட்டுக் கழுவுக. கண்ணிற் பட்டால் கழுவியபின் தாமதமின்றி மருத்துவரிடம் செல்க. குறைந்த நீருக்கு ஈடாக டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றத்தக்கது. கிணற்று நீரும் திராவகமும் ஊற்றலாகாது. கெட்ட பாட்டரியில் உள்ள ஈயம் நஞ்சு. 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளை அனுசரித்து, அதனைப் பாட்டரி விற்பனையாளரிடமோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைத்தல் கடமையாகும்.

பொறுப்பாளர் ஒருவர் வேண்டும்

கருவியை வாங்கி மாட்டிவிட்டால் கடமை முடிந்துவிடாது. சொந்த வண்டியின் பாட்டரியை உடையவர் நினைத்துப் பார்க்கிறார். சங்கத்தின் வண்டியோ எல்லோருக்கும் உரியது. ஆகையால் வேறொருவர் பார்ப்பார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவது எளிது. ‘புதிய பாட்டரி வாங்கியது’ என்ற செலவு ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருமாயின், ரசீது ஒழுங்காக இருக்கிறது என்பதோடு நிர்வாகக் குழு அமைந்துவிடலாகாது. முன்னைய பாட்டரி ஏன் கெட்டது என்று கேட்டல் வேண்டும். அது உழைத்துத் தேய்ந்ததா, கவனிப்பாரின்றிக் கெட்டதா என்பதில் அங்கத்தினர்களின் பங்குப் பணம் அடங்கியிருக்கிறது.

ஆகவே நிர்வாகக் குழு ஒரு தீர்மானத்தின் மூலம் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு பொறுப்பாளரை நியமிப்பதும், ஒரு சிறு பதிவேடு வைப்பதும் நலம். மாதத்தின் முதல் வாரத்தில் கருவியைக் கழற்றி ஓர் இரவு விட்டு, மறுநாள் காலை வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்துத் தேதி, வோல்ட், ஊற்றிய நீர், கையொப்பம் ஆகிய நான்கையும் எழுதினால் போதும். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் இருப்பின் பாட்டரி நிறைந்திருக்கிறது. 12.4க்குக் கீழ் இறங்கினால் காரணம் அறிந்து உடனே சார்ஜ் ஏற்றுக. 12.0 என்றால் முக்கால் பங்கு தீர்ந்துவிட்டது.

அறுப்புக்கு ஒரு மாதம் முன்னதாகவே இந்தப் பதிவேட்டைக் குழுக் கூட்டத்தில் வைத்துப் பார்வையிடுவார்களாயின், குறையிருந்தால் சரிசெய்துகொள்ளக் காலம் இருக்கும். வயலில் நெல் முற்றி நிற்கும் நாளில் அந்தக் காலம் கிடைக்காது. அங்கத்தினர்களும் தம் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே இதனைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்களாக.