இல்யா ரேபினின் ‘இவானும் மகனும்’: இந்தப் படத்தின் பலம் எது, பலவீனம் எது?

போன வாரம் அம்மாவுக்கு லேப்டாப்பில் ஒரு ஓவியத்தைக் காட்டினேன். கதை எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, “அடிச்சவனே புடிச்சுக்கிட்டு அழுவுறானா?” என்றார். ஆமாம் என்றேன். இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து பார்த்தார். “சரி, அந்தப் பையன் மூஞ்சில கோவமே இல்லையேடா. ஏன்?”

இந்தப் படத்தைப் பத்தி பல மாதமாகக் குறிப்புகள் சேர்த்துக்கிட்டிருக்கேன். அம்மாவின் இரண்டாவது கேள்வி அதில் எங்கேயும் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

படம், ரஷ்ய ஓவியர் இல்யா ரேபின் 1885இல் முடித்த ‘இவான் தி டெரிபிளும் அவன் மகன் இவானும், 1581 நவம்பர் 16’. கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரம், இரண்டரை மீட்டர் அகலம். மாஸ்கோவில் ட்ரெத்யாகோவ் காலரியில் உள்ளது. நான் நேரில் பார்த்ததில்லை. எல்லாம் திரையிலும் அச்சிலும் பார்த்ததுதான். அதை மனசுல வச்சுக்கிட்டுப் படியுங்க.

சம்பவம் இதுதான். ஜார் மன்னன் இவான் ஏதோ ஒரு சண்டையில் மூத்த மகனைக் கையிலிருந்த கோலால் அடிக்கிறான். அடி தலையில் விழுகிறது. சில நாளில் மகன் இறந்துபோகிறான். சண்டை எதற்கு என்பதிலும், சாவுக்கு அந்த அடிதான் காரணமா என்பதிலும் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. 1963இல் கல்லறைகளைத் திறந்து எலும்புகளை ஆராய்ந்தார்கள். மண்டையோடு மட்கிப் போயிருந்ததால் அடிபட்டதா இல்லையா என்று அதை வைத்து முடிவு செய்ய முடியவில்லை.

முதலில் பலம்

ரேபின் அடியை வரையவில்லை. அடித்து முடித்த அடுத்த நிமிடத்தை வரைந்திருக்கிறார். கோல் முன்னால் தரையில் கிடக்கிறது, ஆசனம் கவிழ்ந்திருக்கிறது, சிவப்புக் கம்பளங்கள் சுருண்டு மடிந்து கிடக்கின்றன. நடந்தது என்ன என்பதை அறையே சொல்லிவிடுகிறது. கறுப்பு உடையில் கிழவன். அவன் பிடியில் இளஞ்சிவப்பு அங்கி போட்ட மகன். ஒரு கை மகனின் இடுப்பைச் சுற்றி இறுக்கியிருக்கிறது, இன்னொரு கை காயத்தைப் பொத்துகிறது. விரல் இடுக்கில் ரத்தம் வருகிறது.

அப்புறம் அந்தக் கண்கள். பிதுங்கி, வெளிறி, எங்கேயும் பார்க்காத கண்கள். அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. செய்ததை இனி திருப்பி எடுக்க முடியாது என்று ஒருத்தனுக்குப் புரிகிற அந்த நொடி. மன்னன், கொடுங்கோலன் எல்லாம் போய், வெறும் பயந்துபோன கிழவன்தான் மிச்சம்.

அந்தக் கண்களைத் திரும்ப வரைவது ரேபினுக்கே முடியவில்லை. 1913 ஜனவரியில், ஐகான் படங்கள் வரையும் ஒரு இளைஞன் “ரத்தம் போதும்” என்று கத்திக்கொண்டு கத்தியால் படத்தை மூன்று இடத்தில் கிழித்தான். வெட்டு முகங்களில் விழுந்தது. கிட்டத்தட்ட எழுபது வயதான ரேபின் வந்து தந்தையின் முகத்தைத் தன் பிற்கால பாணியில், ஊதா கலந்த நிறத்தில் மறுபடி வரைந்தார். அது மற்ற பகுதிகளோடு ஒட்டவே இல்லை. காலரிப் பொறுப்பில் இருந்த ஓவியர் இகோர் கிராபார் அதைத் துடைத்துவிட்டு, பழைய முகத்தையே மீட்டெடுக்க வைத்தார்.

ரத்தம் அதிகமா?

அதிகம்தான் என்று படம் வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். கலை அகாதமியின் உடற்கூறியல் பேராசிரியர் மாணவர்களுக்குத் தனி உரையே ஆற்றி, ரத்தத்தின் அளவிலும் உடல்களின் அமைப்பிலும் உள்ள தப்புகளைப் பட்டியல் போட்டார். அரசு வேறு காரணத்துக்காகக் கோபப்பட்டது. 1881இல்தான் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் குண்டுவீச்சில் கொல்லப்பட்டிருந்தார், கொன்றவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த வருஷத்து ரத்தம்தான் தன்னை இந்தப் படத்தை நோக்கித் தள்ளியது என்று ரேபினே பின்னாளில் எழுதினார். நாலே வருஷத்தில் ஒரு ஜாரைக் கொலைகாரனாகக் காட்டும் படம் வந்தால் விடுவார்களா? மூன்றாம் அலெக்சாந்தர் அதைப் பொதுவில் காட்டத் தடை போட்டார். சில மாதங்களில் தடை நீங்கியது.

1913 தாக்குதலுக்குப் பிறகு கவிஞர் மாக்சிமிலியன் வொலோஷின் இன்னும் ஒரு படி போனார். இவ்வளவு பச்சையான கொடூரம் பார்ப்பவனைக் காயப்படுத்துகிறது, பழி படத்தின் மேல்தான் என்றார். கத்தி எடுத்தவனை விட்டுவிட்டு வரைந்தவனைக் குற்றம் சொல்வது எனக்கு ஏற்பில்லை. ஆனா அதுக்குள்ள ஒரு நியாயமான கேள்வி இருக்கு: நம்மை உலுக்குவது கலையா, வெறும் ரத்தமா?

ஒரு சின்ன பரிசோதனை செய்து பார்த்தேன், நீங்களும் செய்யலாம். திரையில் கம்பளத்து ரத்தக் கறையைக் கையால் மறையுங்கள். படத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை. அடுத்து விரல் இடுக்கு ரத்தத்தை மறையுங்கள். இப்போ அந்தக் கை காயத்தைப் பொத்துகிற கை இல்லை, தலையைத் தடவுகிற கை. கதை மாறிவிடுகிறது. கடைசியாக, ரத்தத்தையெல்லாம் விட்டுவிட்டு தந்தையின் கண்களை மட்டும் மறையுங்கள். மிச்சம் இருப்பது பேப்பரில் வருகிற கொலைச் செய்திப் படம்.

ஆக, கை வழியும் ரத்தம் தேவை, தரையில் கிடப்பது உபரி. பேராசிரியர் சொன்னது பாதி சரி. வொலோஷின் சொன்னது கண்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

அம்மாவின் கேள்வி

எனக்கு இப்போ ரத்தத்தைவிடப் பெரிய பலவீனமாகத் தெரிவது மகனின் முகம். அடிபட்டவன் அவன், சாகப்போகிறவன் அவன். ஆனால் முகத்தில் ஒரு துளிக் கண்ணீரும் சாந்தமும் மட்டும். மகனுக்கு மாடலாக இருந்தவர்களில் எழுத்தாளர் கார்ஷின் முக்கியமானவர். மென்மையான, சோகம் படிந்த முகம் அவருக்கு. 1888இல் முப்பத்துமூன்று வயதில் அவரும் துயரமாக இறந்துபோனார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் நமக்கு இன்னும் மனசு கலங்கும். ஆனால் அந்தக் கலக்கம் கார்ஷினின் வாழ்க்கையிலிருந்து வருவது, அதைப் படத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மகன் கேட்காமலே மன்னித்துவிடுகிறான். அதனால் நம் இரக்கம் முழுக்க தந்தை பக்கம் போய்விடுகிறது. நம்ம வீடுகளிலும் இது நடக்கிறதுதான். கை நீட்டிய அப்பா ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து அழுதால், “பாவம்டா, உங்கப்பாவே உடைஞ்சு போயிட்டாரு” என்று சொல்லி முடித்துவிடுவோம். அடிபட்டவன் என்ன நினைத்தான் என்று யாரும் கேட்பதில்லை. ரேபினும் கேட்கவில்லை. அந்த முகத்தில் ஒரு கேள்வியோ, ஒரு ஒதுங்கலோ இருந்திருந்தால் தந்தையின் பயம் இன்னும் ஆழமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். மன்னிக்காத மகனைப் பிடித்துக்கொண்டு அழுவது இன்னும் கஷ்டம்.

வேடிக்கை என்னன்னா, படத்தின் எதிரிகளும் மகனைப் பத்திப் பேசுவதில்லை. 2013இல் சிலர் மனு கொடுத்துப் படத்தை எடுக்கச் சொன்னார்கள், காலரி மறுத்தது. 2018 மே மாதம் ஒருவர் அங்கிருந்த தடுப்புக் கம்பியாலேயே கண்ணாடியை உடைத்துப் படத்தை மூன்று இடத்தில் கிழித்தார். முகங்கள் தப்பின. படம் பொய் சொல்கிறது என்பது அவர் வாதம். எல்லோருக்கும் கவலை இவானின் பேரைப் பத்தித்தான்.

என் கணக்கு இப்படி முடிகிறது: தந்தையின் கண்களுக்காக இது பெரிய படம். தரை ரத்தம் சின்னக் குறை. மகனின் சாந்தம் பெரிய குறை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். “சாகும்போது கோவப்பட அவனுக்குத் தெம்பு இருந்திருக்காதுடா” என்றார். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.