பாசிக்குப் பெயர் வைப்பது எப்படி?

குளத்து நீரில் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். பச்சை நிறச் சிறு உருண்டைகள் மிதப்பதைக் காணலாம். அவை குளோரெல்லா என்னும் பாசியாக இருக்கக்கூடும். 1890-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்யெரிங்க் இப்பெயரைச் சூட்டினார். கரியமில வாயு தாவரத்தில் சர்க்கரையாக மாறும் வழியை, குளோரெல்லா, செனடெஸ்மஸ் என்ற இரு பாசிகளைக் கொண்டு ஆராய்ந்த மெல்வின் கால்வின் 1961-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால், "இது குளோரெல்லாதான்" என்று எப்படி உறுதி செய்வது? மாமரத்தையும் வேப்பமரத்தையும் இலை, பூ, காய் கொண்டு பிரித்தறிகிறோம். குளோரெல்லாவோ ஒரே ஓர் உயிரணு. அதன் குறுக்களவு 2 முதல் 10 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒளியின் அலை இயல்பு காரணமாக, சாதாரண நுண்ணோக்கியால் ஏறத்தாழ 0.2 மைக்ரானைவிட நெருங்கியுள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட இயலாது. ஆகவே 5 மைக்ரான் பாசியின் குறுக்கே சுமார் 25 புள்ளிகளே தெளிவாகும். இதில் எத்தனை அடையாளங்களைத் தேடுவது?

இதனால் விளைந்த குழப்பத்தைப் பாருங்கள். 1953-இல் அமெரிக்காவில் சொரோக்கின், மையர்ஸ் என்னும் இருவர் ஒரு புதுவகைக் குளோரெல்லாவை அறிவித்தனர். வழக்கமான வகை 25 டிகிரி செல்சியஸ் அளவில் நன்கு வளரும். இதுவோ 39 டிகிரியில் செழித்தது! எனினும், உருவம் ஒத்திருந்ததால் இரண்டும் 'பைரினாய்டோசா' என்ற ஒரே பெயரில் வழங்கின. ஓர் ஆய்வகம் முதல் வகையையும் மற்றொன்று இரண்டாம் வகையையும் வைத்துச் சோதனை செய்தால், விடைகள் எவ்வாறு ஒத்துப்போகும்? பின்னர் 39 டிகிரி வகை 'சொரோக்கினியானா' என்ற தனிச் சிற்றினமாயிற்று.

அடுத்து மரபணு ஆய்வு வந்தது. எல்லா உயிர்களிலும் ரைபோசோம் என்னும் புரதத் தொழிற்சாலை உண்டு. அதற்குரிய மரபணு மிக மெதுவாகவே மாறுகிறது. இரு பாசிகளில் அந்த மரபணுவின் வேறுபாடுகளை எண்ணினால் உறவின் தூரம் தெரியும். இவ்வாறு ஆராய்ந்து, 1999-இல் ஹுஸ் முதலிய அறிஞர்கள் வெளியிட்ட முடிவு வியப்பூட்டியது. குளோரெல்லா எனப்பட்டவை பச்சைப் பாசிகளின் இரு வெவ்வேறு வகுப்புகளில் சிதறிக் கிடந்தன! நான்கு சிற்றினங்களுக்கு மட்டுமே அப்பெயர் பொருந்தும் என்றனர்.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. செனடெஸ்மஸ் சில வேளை தனித்தனி உயிரணுவாக வாழும். சில வேளை நான்கு அல்லது எட்டு உயிரணுக்கள் ஒட்டி வரிசையாக நிற்கும். பாசியைத் தின்னும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு வாழ்ந்த நீரை வடிகட்டி ஊற்றினாலே போதும், தனித்தவை கூட்டமாக வளரத் தொடங்கும் என்று 1993-இல் ஹெஸ்ஸன், வான் டாங்க் இருவரும் காட்டினர். பெரிய கூட்டத்தைச் சிறு தெள்ளு எளிதில் விழுங்க முடியாதல்லவா? அப்படியானால் எப்போதும் கூட்டமாகவே இருக்கலாமே எனக் கேட்பீர்கள். கூட்டம் விரைவாக நீரில் அமிழ்ந்துவிடும். அடியில் வெளிச்சம் குறைவு. ஆகவே ஆபத்து வந்தால்தான் இந்த வேடம்! மரபணு மாறவில்லை, உருவம் மட்டுமே மாறியது. இதை அறியாதவர் ஒரே பாசிக்கு இரு பெயர் சூட்டிவிடுவார்.

எனவே உருவம் ஒன்றாக இருப்பதால் இனம் ஒன்றாகிவிடாது. உருவம் வேறுபடுவதால் இனம் வேறாகியும் விடாது. மரபணு உறவைச் சொல்லும். அந்த உயிர் எந்தச் சூழலில் எப்படி வாழ்கிறது என்பதை நுண்ணோக்கி சொல்லும். இரண்டு சாட்சிகளும் தேவை.

பள்ளி நுண்ணோக்கியில் பாசியைப் பார்க்கும்போது அதன் படத்தை மட்டும் வரைந்து நிறுத்திவிடாதீர்கள். எடுத்த இடம், நாள், நீரின் வெப்பநிலை, உடன் நீந்தும் சிறு பிராணிகள் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். பாசியின் உருவத்துக்குக் காரணம் அக்குறிப்பில் இருக்கக்கூடும்!