ஆங்கில வாசிப்புக்கு அன்றாடப் பாடக்குறிப்பு

இறம்பொடைத் தோட்டப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் முற்றிலும் அந்நியமல்ல. 'லயம்' என்பது லைன். 'பிரட்டு' என்பது பரேட். பாடக்குறிப்பு இங்கிருந்தே தொடங்கட்டும். 40 நிமிடப் பாடவேளையில் முதல் 5 நிமிடம் இத்தகைய சொற்களுக்கு. பின்னர் ஒரே ஒரு பந்தி: ஆசிரியர் ஒருமுறை, பிள்ளைகள் மௌனமாக இருமுறை. வரிசையாக எழுப்பி உரத்து வாசிக்க வைத்தால் ஒருவர் திணற, மற்றவர்கள் தம் முறைக்குப் பயந்திருப்பர். பொருள் எவர் மனத்திலும் தங்காது. மூன்று கேள்விகள் போதும். தமிழில் பதில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பத்திரங்களைப் பிறர் வாசித்துக் காட்டக் காத்திருந்த பெற்றோரின் பிள்ளைகள் இவர்கள். விளங்குவதே முதல் தேவை, இலக்கணம் பிறகு. பந்திக்கு, மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி 1970இல் வெளியான 'போர்ன் டு லேபர்' நூலைப் பாருங்கள். வகுப்பு எந்தச் சொல்லில் தடுமாறியதோ, அதைக் குறித்துவையுங்கள். மறுநாள் முதல் 5 நிமிடம் அதற்கே.