மழையைத் தள்ளும் கை

மழையில் பழைய ஆட்டோவில் போனவர்களுக்கு அந்தச் சின்னப் பிடி நினைவிருக்கும். முன்கண்ணாடியின் மேல்சட்டத்தில், ஓட்டுநரின் முகத்துக்கு நேரே, விரல் நீளத்துக்கு ஒரு கம்பி துருத்திக்கொண்டிருக்கும். தூறல் வலுத்ததும் அவர் இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து அந்தக் கம்பியை இப்படியும் அப்படியும் திருப்புவார். வெளியே, ரப்பர் பட்டை பிடித்த ஒரு கை கண்ணாடியில் ஒருமுறை போய்வரும். கிளட்சும் கியரும் அதே இடது கையில்தான் என்பதால் கியர் மாற்றும் இடத்தில் துடைக்க முடியாது. சிக்னல் தாண்டி வண்டி ஒரே வேகத்துக்கு வந்த பிறகுதான் கை மேலே போகும். அதுவரை, எதிரே வரும் விளக்குகள் கண்ணாடியில் கரைந்து வழிந்துகொண்டே இருக்கும். பின்சீட்டில் நனைந்த முழங்காலோடு அதைப் பார்த்துக்கொண்டு வந்த இரவுகள் எனக்குப் பல உண்டு. மோட்டார் வாகனம் தவழ்ந்த காலத்து வைப்பரைத்தான் பார்த்திருக்கிறேன் என்பது வெகு நாள் கழித்துப் படித்தபோதுதான் தெரிந்தது.

அந்தப் பிடியின் மூதாதை, அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் வரைந்தது. குளிர்காலத்தில் நியூயார்க் போயிருந்தவர், அங்கே ட்ராம் ஓட்டுநர் ஒருவர் பனிமழையில் வழி தெரியாமல் முன்பக்க ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஓட்டியதைப் பார்த்தார். அதற்கு அவர் வரைந்த விடை இது: உள்ளே ஒரு நெம்புகோல், வெளியே ரப்பர் பொருத்திய ஒரு கை, அந்தக் கை கண்ணாடியை விட்டு விலகாதபடி பிடித்துவைக்க ஸ்பிரிங்கும் ஓர் எடையும். வேண்டாத பருவத்தில் மொத்தத்தையும் கழற்றி வைத்துக்கொள்ளலாம். 1903 நவம்பர் 10 அன்று காப்புரிமை கிடைத்தது. 1905இல் கனடா நிறுவனம் ஒன்றிடம் விற்கப் பார்த்தார்; வணிக மதிப்பு இல்லை என்று திருப்பிவிட்டார்கள். கார்கள் தெருவை நிறைக்கத் தொடங்கிய 1920இல் காப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் தேசியக் கௌரவப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது 2011இல், அவர் இறந்து 58 ஆண்டுகளுக்குப் பிறகு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. ஏனென்றால் அந்த வரைபடத்தில் அவர் பிடித்துவிட்ட விஷயம் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. கையை ஆட்டுவது எளிது. ரப்பரைக் கண்ணாடியில் சரியாக அழுத்துவதுதான் கடினம். அழுத்தம் குறைந்தால் நீர் வரிவரியாக நின்றுவிடும். கூடினால் ரப்பரின் உதடு மடங்கித் திரும்ப முடியாமல் கண்ணாடியில் இழுபடும்.

இந்த 120 ஆண்டுகளில் கையை ஆட்டுபவர் பலமுறை மாறிவிட்டார். அழுத்தும் வேலை மட்டும் ஸ்பிரிங்கை விட்டுப் போகவே இல்லை.

ஆட்டியவர்களைச் சட்டென்று பார்த்துவிடலாம். பஃபலோ நகரத்தில் நாடக அரங்கு நடத்திய ஜான் ஓய்ஷை, மழையில் தன் காரால் சைக்கிளில் வந்த ஒருவரை இடித்துவிட்டார். அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்ததுதான் டிரைக்கோ நிறுவனம். அவர் முதலில் விற்ற ‘ரெயின் ரப்பர்’ கையால் இழுக்கும் பட்டை. அன்றைய முன்கண்ணாடி மேலும் கீழுமாக இரண்டு துண்டாக இருந்ததால் நடுவிலிருந்த இடைவெளியிலேயே அது ஓடியது. பிறகு எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையைக் குழாய் போட்டு எடுத்து வைப்பரை ஓட்டினார்கள். செலவில்லாத ஏற்பாடுதான். ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்த உறிஞ்சுவிசை குறைந்துவிடும். மேட்டில் லாரியை முந்தும் நேரத்தில், அதன் சக்கரம் வாரியடிக்கும் சேறு கண்ணாடியை மூடும்போது, வைப்பர் பாதி வழியில் படுத்துக்கொள்ளும். ஒரு நொடி மிதியை விட்டு, வைப்பர் ஒரு சுற்று போனதும் மறுபடி மிதிப்பது அன்றைய ஓட்டுநர்களின் பழக்கம். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1926இலேயே மின்மோட்டார் வைப்பரைக் கொண்டுவந்துவிட்டது. இருந்தும் அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் இந்த உறிஞ்சு வைப்பர் 1970களின் தொடக்கம்வரை நீடித்தது.

அந்தக் காலத்துக் கார் படங்களைப் பார்த்தால் கைகள் மேலிருந்து தொங்குவது தெரியும், அந்த ஆட்டோவில் தொங்கியது போலவே. காற்றுக்காகக் கண்ணாடியைத் தள்ளித் திறக்கும் வழக்கம் இருந்ததால், மோட்டார் வைக்க மேல்சட்டம்தான் தோதான இடம். கண்ணாடி நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட பிறகு மோட்டார் போனட்டின் பின்விளிம்புக்கு அடியில் இறங்கியது. தொங்கிய கை தலைகீழாகி, நிமிர்ந்து நின்றது.

கைக்கு உண்மையான சோதனை வந்தது கண்ணாடி வளைந்தபோது. தட்டையான கண்ணாடிக்கு நேரான ஒரு சட்டமும் அதில் ஒரு ரப்பரும் போதும். 1934இல் கிரைஸ்லர் தன் விலையுயர்ந்த ஏர்ஃப்ளோ காரில் ஒரே துண்டாக வளைந்த முன்கண்ணாடியைப் போட்டது. போருக்குப் பிறகு வளைவு எல்லோருக்கும் வந்துவிட்டது. நேரான பட்டை வளைந்த கண்ணாடியில் நடுவில் தொட்டால் நுனியில் தொடாது. நுனியில் தொட்டால் நடு தூக்கிக்கொள்ளும். அது போதாதென்று, கை நகர நகரக் கண்ணாடியின் வளைவும் இடத்துக்கு இடம் மாறும்.

இதற்குக் கண்ட விடையை நான் காவடிக்குள் காவடி என்று நினைத்துக்கொள்வேன். தண்டின் நடுவைத் தோள் தாங்கினால் இரண்டு நுனியும் பாரத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் அல்லவா? இங்கே பாரம் கீழ்நோக்கி இறங்குகிறது. வைப்பர் கையின் கொக்கி ஒரு பெரிய வில்லின் நடுவை அழுத்தும். அந்த வில்லின் இரு நுனியிலும் அச்சில் ஆடும் சின்ன வில்கள். அவற்றின் நுனியில் இன்னும் சின்னவை. கடைசியில் நகம்போல வளைந்த பிடிகள் ரப்பரையும் அதன் முதுகிலுள்ள மெல்லிய எஃகுப் பட்டைகளையும் பிடித்திருக்கும். ஓரிடத்தில் இறங்கிய அழுத்தம் இரண்டாகி, நான்காகி, ரப்பரின் நீளம் முழுக்கப் பரவிவிடும். கண்ணாடி எங்கே எப்படி வளைந்தாலும் வில்கள் தங்களுக்குள் ஆடிச் சரிசெய்துகொள்ளும். அரை நூற்றாண்டு உலகத்தின் மழையை எல்லாம் இந்த எளிய ஏற்பாடுதான் தள்ளியது. இன்றும் நம் தெருவில் பாதி வண்டிகளில் இதுதான். கருவி வடிவமைப்பில் எனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று இது. ஒரு அச்சில் ஆடும் தகடு, அதைத் தாண்டி ஒன்றும் இல்லை.

நிறமும் மாறியது. அன்றைய கைகள் பளபளக்கும் வெள்ளி நிறம். காரின் நகைபோல மெருகேற்றுவார்கள். வெயில் அதில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். கண்ணுக்கு நேரே ஆடும் பொருள் மின்னக் கூடாது என்று 1968இல் அமெரிக்கப் பாதுகாப்பு விதி வரம்பு வைத்தது. இன்று கை என்றால் மங்கிய கறுப்பு.

வட்டமடிக்கும் கையால் மூலைகளை எட்ட முடியாது என்பது இன்னொரு பழைய தொல்லை. கை எதுவானாலும் விசிறி வடிவில்தான் துடைக்கும். கண்ணாடியோ கிட்டத்தட்டச் செவ்வகம். இரண்டு கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விசிறி விரிப்பதுதான் பொதுவழி. 1961இல் வந்த ஜாகுவார் இ-டைப்பின் கண்ணாடி அகலமாகவும் குட்டையாகவும் இருந்ததால் மூன்று குட்டைக் கைகள் வைத்தார்கள். பெரிய பேருந்துகளில் இணையாக ஓடும் இரண்டு கம்பிகள் ஒரே பிளேடைப் பிடித்து, அது சாயாமல் செங்குத்தாகவே நகரும்படி செய்யும். இவற்றில் எல்லாம் துணிச்சலானது மெர்சிடீஸின் ஒற்றைக் கை. 1984இல் வந்த டபிள்யூ 124 காரில் கையின் அடியிலேயே பல்சக்கரங்களை வைத்து, அது சுற்றும்போதே நீளும்படியும் சுருங்கும்படியும் செய்தார்கள். மூலையை நெருங்கும்போது கை வெளியே நீட்டும், நடுவில் நிமிரும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்ணாடியில் 86 சதவீதத்தை ஒரே கை துடைத்தது. 1995இல் புனேயில் பூட்டத் தொடங்கிய மெர்சிடீஸ் இந்தக் கார்தான். சென்னை மழையில் அந்தக் கை துள்ளித் துள்ளிப் போவதைப் பார்த்து நின்றிருக்கிறேன்.

நம்மைப் போல வலதுபக்க ஸ்டீயரிங் உள்ள நாடுகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஓட்டுநர் பக்கத்துப் பிளேடு அவர் பக்கத் தூண்வரை போய்த் திரும்ப வேண்டும். அதனால் இடதுபக்க ஸ்டீயரிங் காரின் வைப்பர் அமைப்பை நிலைக்கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலமாக மாற்றிப் போட வேண்டும். செலவுக்குப் பயந்து மாற்றாமல் அனுப்பப்பட்ட கார்களில், ஓட்டுநர் தலைக்கு நேரே ஒரு முக்கோணம் மழையோடு நிற்கும்.

ராபர்ட் கேர்ன்ஸின் கதை பலருக்கும் தெரியும். திருமண இரவில் ஷாம்பெயின் புட்டியின் தக்கை தெறித்து இடது கண் பழுதான டெட்ராய்ட் பொறியாளர், வைப்பரும் இமைபோல நின்று நின்று அடிக்கலாமே என்று யோசித்து, 1960களில் விட்டுவிட்டு ஓடும் வைப்பரை மின்னணுச் சுற்றில் செய்தார். ஃபோர்டுடன் நடந்த காப்புரிமை வழக்கில் 1990இல் அவருக்கு 1 கோடியே 2 லட்சம் டாலர் கிடைத்தது. அந்த இடைவெளி கைக்கு என்ன தந்தது என்பதை அதிகம் பேர் சொல்வதில்லை. தூறலில் பாதி காய்ந்த கண்ணாடியில் ஓடும் ரப்பர் வழுக்காது. உராய்ந்து, தத்தித் தத்தி அதிரும், அந்த அதிர்வு கை முழுக்க ஏறும். துளிகள் சேரும்வரை காத்திருந்து அடித்தால் நீரே எண்ணெயாகிவிடுகிறது.

இன்றைய கையில் காவடி கழன்றுவிட்டது. போஷ் 1999இல் கொண்டுவந்த ஏரோட்வின் பிளேடில் வில்லும் இல்லை, அச்சும் இல்லை. கண்ணாடியைவிடச் சற்று அதிகமாக முன்கூட்டியே வளைத்த ஸ்பிரிங் எஃகுப் பட்டை ரப்பருக்குள் இருக்கிறது. கை அதன் நடுவை அழுத்தியதும் பட்டை விரிந்து கண்ணாடியோடு படிகிறது. எந்த இடத்தில் எவ்வளவு அழுத்த வேண்டுமோ அவ்வளவு வளைவைத் தொழிற்சாலையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். பனி உறைந்து மாட்டிக்கொள்ள மூட்டுகள் கிடையாது. சாய்ந்த கண்ணாடியில் வேகமாகப் போகும்போது காற்று பிளேடைத் தூக்கப் பார்க்கும். முதுகிலுள்ள சரிவு அதே காற்றை வைத்துப் பிளேடைக் கீழே அமுக்குகிறது.

ஆட்டுபவரும் மறுபடி மாறியிருக்கிறார். அன்று ஒரு மோட்டார் ஒரே திசையில் சுற்ற, நெம்புகோல்கள் அதை ஆட்டமாக மாற்றி இரண்டு கைக்கும் கொடுத்தன. சென்னை பாடியில் 1960களிலிருந்து இயங்கும் லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலை அப்படிப்பட்ட வைப்பர் மோட்டார்களை நம் நாட்டு வண்டிகளுக்குச் செய்து தந்தது. இன்று சில கார்களில் கைக்கு ஒரு மோட்டார். போய்த் திரும்புவதை மின்னணுக் கட்டுப்பாடே பார்த்துக்கொள்கிறது. திரும்பும் முனையில் வேகத்தைக் குறைப்பதால் அந்தப் பழைய ‘தப்’ சத்தம் அடங்கிவிட்டது. சிலவற்றில், வைப்பரை நிறுத்திய பின் கை தானாகவே ஒரு துளி மேலேறி அமரும். ரப்பரின் உதடு எப்போதும் ஒரே பக்கம் மடங்கிக் கிடந்து அப்படியே இறுகிவிடக் கூடாதே என்று அந்தப் பக்குவம். கண்ணாடியின் பின்னால் மழையை உணரும் கருவி இருக்கிறது. பக்கத்திலேயே சாலையைப் பார்க்கும் கேமராவும். ஓட்டுநரின் கண்ணுக்காகத் துடைத்த கை இப்போது அதற்காகவும் துடைக்கிறது.

ஒரு நெருக்கம் போய்விட்டதை மட்டும் சொல்லியாக வேண்டும். சித்திரை வெயிலில் காரை நிறுத்தினால் ரப்பர் சூட்டில் கண்ணாடியோடு ஒட்டும் என்று கைகளைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போவோம். பனி நாட்டுக்காரர்களும் உறைபனிக்குப் பயந்து இதையேதான் செய்கிறார்கள். கை அப்படி நிற்பதற்குக் காரணம், தூக்கும்போது ஸ்பிரிங்கின் இழுப்புக்கோடு அச்சைத் தாண்டி மறுபக்கம் போவதுதான். புதிய கார்கள் பலவற்றில் கை போனட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. தூக்கினால் போனட்டில் இடிக்கும். சாவியைத் திருப்பி, வைப்பர் சுவிட்சின் தண்டைக் குறிப்பிட்ட விதத்தில் அழுத்தி, கையைப் பராமரிப்பு நிலைக்கு வரவழைத்த பிறகுதான் தொடவே முடியும்.

போன ஐப்பசியில் என் காரின் வைப்பர், மேலே போகும்போது சத்தமில்லாமலும் கீழே வரும்போது தடதடவென்றும் ஓடியது. பிளேடை இரண்டு முறை மாற்றினேன். தடதடப்பு போகவில்லை. மெக்கானிக் பிளேடைப் பார்க்கவே இல்லை. கையைத் தூக்கி, அதைக் கழற்றி எடுத்து, நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். “கை முறுக்கிக்கிச்சு சார். ரப்பர் ஒரு பக்கம் சாஞ்சே நிக்குது, திரும்பி மடங்க வரல” என்றார். வண்டி கழுவும்போது யாரோ பிடித்து இழுத்திருக்க வேண்டும். இரண்டு ஸ்பானரைக் கையில் மாட்டி, மயிரிழைதான் என்று சொல்லும்படி எதிர்ப்பக்கம் முறுக்கினார். மறுபடி பார்த்தார், இன்னும் கொஞ்சம் முறுக்கினார். பல்லுக்குப் பல் பொருத்திக் கையை மாட்டி, நட்டை இறுக்கி, ஒரு மக் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிச் சுவிட்சைப் போடச் சொன்னார். ரப்பர் மேலே போயிற்று, மடங்கியது, சத்தமில்லாமல் கீழே வந்தது.