பங்குனிப் படையலில் குதிரைவாலி

பங்குனி பிறந்துவிட்டால் கரிசல் பூமியில் விழாக்காலம் தொடங்கிவிடும். கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோயிலில் பங்குனிப் பெருந்திருவிழா, கழுகுமலையில் உத்திரத் தேரோட்டம், விருதுநகரில் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் என்று ஊர்தோறும் கொட்டு முழங்கும். பங்குனி உத்திரத்தன்று, வெளியூரில் பிழைப்பவர்களும் குடும்பத்தோடு தம் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடி வந்து பொங்கலிடுவது தென் மாவட்ட வழக்கம். வர இயலாதவர்கள் வீட்டிலேயே பொங்கலிட்டுப் படைக்கிறார்கள்.

இவ்விழாக்கள் பங்குனியில் அமைந்திருப்பது உழவர் வாழ்வோடு இயைந்தே இருக்கிறது. கரிசல் மண் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே அதன் முதல். புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசிப்பயறும் மார்கழியிலும், குதிரைவாலியும் கம்பும் சோளமும் தை, மாசியிலும் வீடு வந்து சேரும். பங்குனியில் காடு வெறுமையாக இருக்கும், குலுக்கை நிறைந்திருக்கும். கையில் ஓய்வும் வீட்டில் தானியமும் ஒருசேர இருக்கும் காலம் அது.

ஆனால், அந்தக் குலுக்கையில் இருந்த தானியம் விழாப் பானைக்குள் அதிகம் போனதில்லை. அன்றாடம் உண்டது கம்பங்கூழும் சோளச்சோறும் குதிரைவாலிச் சோறும்தான். நெல்லரிசி, தாமிரவருணிப் பாசன வயல்களிலிருந்து காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். எனவே தீபாவளி, பொங்கல், கோயில் கொடை போன்ற நாள்களில் மட்டும் அரிசி உலையேறியது. அரிதானதைத் தெய்வத்துக்குப் படைப்பது என்ற எளிய நியதியே அதன் பின்னால் இருந்தது.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. தமிழகத்தில் 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. அரிசிச் சோறு அன்றாட உணவாகிவிட்டது. குதிரைவாலியோ, அது விளையும் ஊர்களிலேயே கடையில் பொட்டலமாக, அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது.

இந்த மாற்றத்தை எண்ணிப் பெருமூச்சு விடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். குதிரைவாலியின் உமி கடினமானது. அதை உரலில் இட்டுக் குத்தி, புடைத்து, மீண்டும் குத்தினால்தான் அரிசி கிடைக்கும். காட்டு வேலை முடித்து வந்த பெண்களே அந்தப் பாட்டையும் பட்டார்கள். நியாயவிலை அரிசி அவர்களின் பசியை மட்டுமல்ல, உலக்கையையும் இறக்கி வைத்தது. அந்தப் பெண்கள் குதிரைவாலியைக் கைவிட்டதில் எந்தக் குற்றமும் இல்லை.

இப்போது உமி நீக்க இயந்திரம் வந்துவிட்டது. 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கேற்ற சிறுதானிய ரகங்களைத் தந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. ஆயினும் கரிசல் காட்டில் இன்று பரந்து நிற்பது கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளம். 2018-இல் தமிழகத்தின் மக்காச்சோளத்தைப் படைப்புழு அழித்தபோது, ஒரே பயிரை நம்புவதன் ஆபத்தை உழவர்கள் உணர்ந்தார்கள். மாற்றுப் பயிர் விதைக்கச் சொல்வது எளிது. விளைந்ததை வாங்கிச் சமைக்க அடுப்படிகள் வேண்டுமே!

அதற்குப் பங்குனிப் பொங்கல் நல்ல தொடக்கம். ஒரு பங்கு குதிரைவாலிக்குக் கால் பங்கு சிறுபருப்பு போதும். பருப்பை வாசம் வர வறுத்து, நான்கு பங்கு நீரில் முதலில் பாதி வேகவைக்க வேண்டும். குதிரைவாலி பச்சரிசியைவிட விரைவில் வெந்துவிடும் என்பதால் இரண்டையும் சேர்ந்தே இட்டால் பருப்பு விதைவிதையாக நிற்கும். இரண்டும் குழைந்த பின்னரே, கரைத்து வடிகட்டிய ஒன்றரைப் பங்கு வெல்லத்தையோ கருப்பட்டியையோ சேர்க்க வேண்டும். இனிப்பு முன்னதாகச் சேர்ந்தால் தானியம் மேற்கொண்டு வேகாது. இறுதியில் நெய், ஏலக்காய், சிறிது சுக்கு. ஆறினால் இறுகிவிடும் இயல்புடையது. எனவே சற்றுத் தளர்வாகவே இறக்கிவிட வேண்டும்.

படையலில் அரிசிக்குப் பதில் சிறுதானியமா என்று சிலர் தயங்கக்கூடும். சாஸ்தாவின் சந்நிதியில் பொங்குவது, அந்த மண் அவ்வாண்டு தந்ததற்கான நன்றி. அந்த மண்ணில் விளைந்ததே அதற்குப் பொருத்தமானது. அரிதானதைப் படைப்பதே மரபு என்று வாதிட்டாலும், இன்று அரிதாகிவிட்டது குதிரைவாலிதான்.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. மக்கள் விரும்பி உண்டதால்தான் அந்தப் பண்டத்துக்கு அப்பெயர் நிலைத்தது. குதிரைவாலிக்கும் அந்த வாய்ப்பு உண்டு. உழவரிடமோ உழவர் குழுக்களிடமோ நேரடியாக ஒரு படி வாங்கி, இந்தப் பங்குனியில் அரிசிப் பானைக்கு அருகே ஒரு சிறு பானை வைத்தால் போதும். வரும் புரட்டாசியில் என்ன விதைக்கலாம் என்று கரிசல் உழவர் யோசிக்கும்போது, அந்தச் சிறு பானையும் அவர் கணக்கில் இருக்கும்.