உங்களுக்குத் தெரியுமா? லபுபுவுக்கு முந்தைய நம்மூர்ப் பூதம்

முழி பிதுங்கி, கோரைப்பல் நீட்டி, முறுக்கு மீசையோடு நாக்கைத் தொங்கப்போடும் திருஷ்டி பொம்மை திண்டுக்கல்காரர்களுக்குப் புதிதல்ல. வேலை முடியாத வீடென்றால் முகப்பில் ஒரு முகமாவது தொங்கும். சில இடங்களில் பேன்ட், சட்டைக்குள் வைக்கோல் திணித்த முழு ஆளே தொங்குவார். கடை வாசல் வெண்பூசணிக்கும் அதே முறைப்புதான். ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறித் தோட்டத்தில், சுண்ணாம்புப் புள்ளி குத்திய மண்பானைத் தலை காவல் நிற்கும். பார்க்கிறவர் கண் முதலில் அதன்மேல் விழுந்துவிட்டால் வீடும் பயிரும் தப்பும் என்பது கணக்கு. பயப்படுவதா, சிரிப்பதா என்று புரியாத முகம், அழகே அதுதான்.

இன்று பைகளில் ஆடும் லபுபு பொம்மையும் அந்த ஜாதிதான்: முயல் காது, கூரிய பல். ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ஓவியர் காசிங் லங், நார்டிக் நாட்டார் கதைகளின் சாயலில் 2015இல் படக்கதைக்காக உருவாக்கியது. 2019 முதல் சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் விற்கிறது. பெரும்பாலும் டப்பாவைப் பிரிக்கும்வரை எந்தப் பொம்மை என்று தெரியாது. 2024இல் கொரிய இசைக்குழு பிளாக்பிங்கின் பாடகி லிசாவிடம் பார்த்தபின் கூட்டம் அலைமோத, போலிகளும் குவிந்தன; அவற்றுக்கு ‘லஃபுஃபு’ என்று பட்டப்பெயர். வாங்குமுன் பல்லை எண்ணுங்கள். அசலுக்கு 9.